ஈக்களுக்கு எந்த ஷிஃப்ட்?

நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்தாலும், பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. கொட்டையை மட்டும் நம்பியிருக்க வேண்டாமே என்று சென்ற ஆண்டு அதில் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்தோம்.

பூக்கும் காலத்தில் மரங்களில் பூச்சி விழுந்தது. சுரங்கத்தில் வேலை செய்யும் என் கணவர், வழக்கம்போல நைட் ஷிஃப்ட் முடிந்ததும் நேராகத் தோப்புக்கு வந்து மருந்து கலக்கினார். நான் பெட்டியருகே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இந்த ஈக்கள் இவ்வளவு அவசரமாக எங்கேதான் போகின்றன? ஆவல் தாங்காமல் அவை போகும் திசையிலேயே நடந்தேன். ஒரு மரம் முழுக்கப் பூவுக்குப் பூ ஈ. அதே மரத்தை நோக்கி மருந்துக் குழாயை உயர்த்திக்கொண்டிருந்தார் அவர்.

"ஏங்க, அடிக்காதீங்க! நம்ம ஈ எல்லாம் இங்கதான் மேஞ்சிகினு இருக்கு!"

அவர் கை அப்படியே நின்றது. "நான் தூங்கப் போற நேரமாச்சே, அதுங்களும் பெட்டிக்குள்ள தூங்கிகினு இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் நான்கு பெட்டியும் காலி.

இப்போது மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், முந்தின நாள் இருட்டியதுமே பெட்டிகளை வேறு தோப்புக்கு மாற்றிவிடுகிறோம். காலண்டரில் அவருடைய ஷிஃப்டுக்குக் கீழே ஈக்களின் ஷிஃப்டையும் எழுதி வைத்திருக்கிறேன்: விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, பூ இருக்கும்வரை வார லீவு கிடையாது.