சீருடையோடு நின்ற வரிசை

கோகிலா இலங்கையின் ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் கன்னையாவின் மகள். தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்திலிருந்து பொலிஸில் சேர்ந்த முதல் பெண்.

அவள் வேலை பார்த்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் தமிழில் வரும் அடிதடி, குடிச்சண்டை, காணாமல்போன பிள்ளை எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. லீவில் போனால், பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் திரும்பி வரச்சொல்லிப் போன் வரும்.

பெருமழையில் மலைச்சரிவிலிருந்த லயமொன்றை மண் மூடியபோது, தோண்டி எடுத்த உடல்களை உறவினருக்குக் காட்டி "உங்க ஆளுதானா பாருங்க" என்று கேட்கும் வேலையும் அவளுக்கே வந்தது. அந்த வேலை முடியும்வரை அவள் அழவில்லை. அதன்பிறகுதான் தொடங்கியது. தகரத்தில் மழை விழுந்தால் நெஞ்சு அடைத்தது. சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை, புருஷன் அடித்துவிட்டான் என்று முறைப்பாடு செய்ய இருளாயி வந்திருந்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. கோகிலாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. கண்ணீர் தானாக வழிந்தது. உதடு வீங்கிய இருளாயி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னா தங்கச்சி, ஒங்களையும் யாராச்சும் அடிக்கிறாங்களா?"

சார்ஜன்ட் தயாரத்ன அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நங்கி, இதை வெளியே சொல்லாதே. துப்பாக்கியை வாங்கிவிடுவார்கள். பிஸ்ஸு, பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள். நானும் இப்படித்தான் சமாளித்தேன்" என்றார் சிங்களத்தில், தங்கையிடம் பேசுவதுபோல.

அவர் எதைக் குடித்துச் சமாளித்தார் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து நிலையத்தில் ஒருவர் சமாளிக்க முடியாமல் உயிரை விட்டதும் தெரியும். 'நான் அப்படிப் போக மாட்டேன்' என்று அவள் முடிவெடுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மனநல கிளினிக் வரிசையில் சீருடையோடு போய் நின்றாள். தோட்டத்துப் பெண்ணொருத்தி அடையாளம் கண்டு, "யாருக்குக் காவலு வந்தீங்க?" என்று கேட்டாள்.

கோகிலாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "காவலுக்கு வரலக்கா. எனக்குத்தான் சுகமில்ல."

அந்தப் பெண் நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டாள்.

கிளினிக்கிலிருந்து நேரே நிலையப் பொறுப்பதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு, தமிழ் தெரிந்த இன்னொருவர், இரண்டும் வேண்டும் என்றாள்.

"நீ இல்லாவிட்டால் தமிழ் வாக்குமூலத்தை யார் எடுப்பது?"

"நான் செத்துப்போனால் யார் எடுப்பார்களோ, அவரை இப்போதே கூப்பிடுங்கள், சார்."

அவர் அவளுடைய துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு மேசை வேலைக்குப் போட்டார். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஓய்வும் இன்னொரு ஆளும் கேட்டு மேலிடத்துக்கு அவள் திரும்பத் திரும்பப் போனாள்; கிளினிக்கை ஒருதடவையும் தவறவிடவில்லை.

சில மாதங்களில் இப்திகார் என்ற கான்ஸ்டபிள் மாற்றலாகி வந்தான். கலவானைக்காரன், தமிழும் சிங்களமும் சரளம். துப்பாக்கி இன்னும் அவள் கைக்கு வரவில்லை. மழைக்கு இன்னும் பயம் உண்டு. ஆனால் சோறு இறங்குகிறது.

ஒருநாள் தேநீர் வேளையில் தயாரத்ன அவள் மேசையருகே வந்து நின்றார்.

"அந்த கிளினிக் என்றைக்கு, நங்கி?"

"புதன்கிழமை, சார். நானும் போகிறேன். சேர்ந்தே போகலாம்."