எல்லையம்மன் நின்ற இடம்

எங்கள் வீட்டு வாசலில் ஒற்றையடிப் பாதை ஓரிடத்தில் வளைந்து போகும். தெருவிலிருந்து சிற்றாற்றுக்கு இறங்கும் பாதை அது. நேராக வந்து, எங்கள் படலுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகிவிடும். சுற்றிப் போகும்படி அங்கே எதுவும் கிடையாது. கல்லோ முள்ளோ பள்ளமோ இல்லாத வெறும் தரை. தண்ணீருக்குப் போகும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே அங்கே ஒதுங்கி நடப்பார்கள். குளிப்பாட்ட ஓட்டிப்போகும் எருமைகளும் ஒதுங்கின.

குடிவந்த ஆவணியில் நான் இதைக் கவனிக்கவில்லை. கையில் தலைப்பிள்ளை. தூளியில் அவன் அசையாமல் கிடந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அசைந்தால் ஏன் அசைகிறான் என்று பார்ப்பேன். காற்று மேற்கேயிருந்து அடித்தால் குற்றாலத்து அருவிச் சத்தம் எங்கள் அறைக்குள் கேட்கும். தூரத்தில் பெரிய கூட்டம் ஒன்று பேசிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும்.

மனை என் மாமனார் கொடுத்தது. என் கணவருக்குத் தென்காசியில் பள்ளிக்கூட ஆசிரியர் வேலை. எதையும் முறைப்படி செய்கிறவர். ஆற்றோரம் வீடு கட்டப் பஞ்சாயத்து போர்டில் ஒரு விதி இருந்தது. முன்னொரு பெருவெள்ளம் ஏறி நின்ற இடத்தில் சர்க்கார் ஒரு கல் நட்டிருந்தது. அந்த எல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவில் யாரும் கட்டக்கூடாது. ஓவர்சியர் டேப்புடன் வந்தார். ஆற்றங்கரையிலிருக்கும் எல்லையம்மன்தான் எல்லைக்கல் என்று சொல்லி, அங்கிருந்து அளந்தார். எங்கள் மனை தாராளமாக மேட்டுப் பக்கம் இருந்தது. அனுமதி கிடைத்தது, கட்டினோம்.

புரட்டாசியில் ஒரு நாள் எதிர்வீட்டு மதினி குடத்துடன் வளைந்து போவதைப் பார்த்துக் கேட்டேன்.

"மதினி, எல்லாரும் ஏன் இங்கன சுத்திப் போறீங்க?"

"அங்கன ஆத்தா நின்னால்லா. கால் படலாமா?"

"எந்த ஆத்தா?"

"நல்லாக் கேட்ட, போ. எல்லையம்மன்தான். முந்தி உங்க வாசல்லதான் நின்னா. மழை பொய்ச்ச வருசம் கோயில் கொடையில சாமியாடி மேல எறங்கி, 'எனக்குத் தண்ணி பாக்கணும், ஆத்தோரம் கொண்டு வைங்கலே'ன்னு கேட்டா. தூக்கிட்டுப் போயி வச்சோம். நானுந்தான் குலவை போட்டேன்."

அவள் இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் படலைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆறு. எல்லை நின்ற இடம் எனக்கு முன்னால் இருந்தது.

சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முன்பக்கம் மஞ்சள் காப்பு, வெள்ளிக் கண், சிவப்புப் பாவாடை. சுற்றி வரும்போது முதுகைப் பார்த்தேன். அங்கே மஞ்சள் எட்டியிருக்கவில்லை. கருங்கல்லில் உளியால் வெட்டிய ஒரு கோடு. அதன் கீழே அம்புக்குறி. சர்க்கார் அளவுக் கற்களில் இருக்கும் அதே குறி. கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கும்பிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "டேப் பிடிச்சு அளந்திருக்கு. நீ மனசப் போட்டு அலட்டாத" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை. அடுத்த முறை ஓவர்சியர் தெருவில் வந்தபோது நானே நிறுத்திக் கேட்டேன்.

"கல்லு எங்க இருக்கோ அங்கனதாம்மா எல்லை" என்றார் அவர். "ஆத்தா நகந்தா எல்லையும் நகரும். திருப்பி எடுத்து வைன்னு நான் சொன்னா, ஊருல என்னைய எடுத்து வச்சிருவாங்க." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வச்சாலும் யாருக்கு நட்டம்? உங்க வீடுதான் எல்லைக்குள்ள விழும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். ஆனால் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நானும் வளைந்து நடக்கத் தொடங்கியிருந்தேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. ஒரு நாள் பகலில், கணவர் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, அருவிச் சத்தம் இவ்வளவு நேரமாகக் கேட்கவில்லையே என்று தோன்றியது. காதுகொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. மழையும் அருவியும் ஒன்றாகி, எல்லாப் பக்கமும் அதுவாகவே இருந்ததால்தான் தனியாகக் கேட்கவில்லை. பின்கட்டிலிருந்து தவளைகள் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்து, என்னைக் கடந்து, வாசலைப் பார்த்துப் போயின. தூளிக் கயிற்றில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறின. வரிசை கலையாமல், என் பிள்ளையின் தலைக்கு மேலே.

அவனை அள்ளிக்கொண்டு குடையுடன் வெளியே வந்தேன். தெருப் பக்கம் போய், அந்த வெறும் தரைக்கு அப்பால் நின்றேன். எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து மதினி கூப்பிட்டாள்.

"ஏட்டி, கோட்டிக்காரி! வீடிருக்க, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு மழையில நிக்குத? ஆத்தா காவல் இருக்கால்லா, உள்ள போ!"

வெட்கமாக இருந்தது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் அவருக்கு என்ன பதில் சொல்வேன்? உள்ளே போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன்.

அப்போது தண்ணீர் வந்தது. ஓசையே இல்லை. என் அடுக்களை வழியாக நுழைந்து, வீட்டுக்காரி போல வாசல்படியில் இறங்கியது. ஒரு பனைமட்டையும், என் அரிசிச் சுளகும், எங்கிருந்தோ வந்த ஒரு சிவப்புப் பாவாடையும் அதில் மிதந்து வந்தன. பாதையின் வளைவை நிரப்பி, அந்த வெறும் தரை மூடியதும் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. என் பாதத்துக்கு முன்னால், தூங்கும் பிள்ளையின் வயிறு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மதினி தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தாள். பாவாடையைப் பார்த்தாள். அந்த மழையில் வாயில் கை வைத்துக் குலவை போட்டாள்.

"ஏட்டி, பழைய வீட்டப் பாக்க வந்திருக்கா ஆத்தா!"

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் வீட்டுக்குள் போனபோது தூளித்துணியில் பாதிக்கு மேல் வண்டல் படிந்திருந்தது. என் கணவர் வண்டல் ஏறிய உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தார். பிறகு நான் சொல்லச் சொல்ல அவரே மனு எழுதினார். பஞ்சாயத்து போர்டில் கோயிலைத் தொடத் துணியவில்லை. எங்கள் வாசலில், ஆத்தா நின்ற அதே இடத்தில், புதுக் கல் ஒன்றை நட்டார்கள். தாரால் கோடும் போட்டார்கள். எங்கள் வீடு எல்லைக்குள் விழுந்தது. குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஓடுகளையும் கதவுகளையும் பிரித்து எடுத்துக்கொண்டு தென்காசியில் வாடகை மாடிக்குப் போனோம். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று சில நாள் நினைப்பேன். அதன் பிறகு வெள்ளம் அந்த அளவுக்கு வரவும் இல்லை.

பிள்ளை நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு சித்திரையில் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எங்கள் சுவருக்கு மேட்டுப் பக்கம், பாதையை ஒட்டி, இரண்டு புது வீடுகள் எழுந்திருந்தன. ஒன்றின் வாசலில் தூளி தொங்கியது. எல்லைக்கு அப்பால்தான், சரியான இடத்தில்தான் கட்டியிருந்தார்கள். மனது லேசானது.

பிறகு கல்லைப் பார்த்தேன். தார்க்கோடு தெரியவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு சிவப்புப் பாவாடை கட்டியிருந்தார்கள். அடியில் மண் கிளறியதுபோல் இளகிக் கிடந்தது.

மதினி குடத்துடன் வந்து என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"இவ யாரு மதினி?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்காரி" என்றாள் அவள் சந்தோஷமாக. "போன கொடையில எறங்கி ஒரே அழுகை. அக்காவப் பாக்கணுமாம். இந்த வருசம் ஆத்தோரம் தூக்கிட்டுப் போறோம்."