பத்தியச் சித்தப்பாவின் சாம்பிள் டப்பாக்கள்

சித்தப்பாவை ஓர் ஓட்டலில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் என் காதில் விழுந்தது.

அம்மா போனில் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னது தையல்காரி. தையல்காரிக்குச் சொன்னது அவளுடைய நாத்தனார். சித்தியும் சித்தப்பாவும் போயிருந்த அதே கடலோர ஊருக்குத்தான் அந்த நாத்தனாரும் விடுமுறைக்குப் போயிருந்தாள். அவள் கண்ணால் பார்த்தது கால்வாசி இருக்கும். மிச்சத்துக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வரும் வழியில் வைக்கப்பட்டிருந்தன.

"சாப்பாட்டை எடுத்து எடுத்துச் சட்டைப்பைக்குள்ள போட்டாராம். முதலாளியே வந்து முழங்கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனாராம். உன் சித்தி எழுந்திருக்கக்கூட இல்லையாம். ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தாளாம்."

"அம்மா, போலீஸ் வந்ததா?"

"அதைத் தையல்காரி சொல்லலை. நான் கேக்கறதுக்குள்ள வேற ஆள் அளவு குடுக்க வந்துட்டாங்க."

நான் இருப்பது வேறொரு நாட்டில். வீட்டிலிருந்து வேளை கெட்ட வேளையில் போன் வந்தாலே நான் விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இரண்டு மொழியில் படித்ததில் நான் கண்ட பலன், ஒரே கவலையை இரண்டு தடவை படலாம் என்பதுதான். வேறு யாரையாவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் சட்டைப்பை என்றதும் நம்பிவிட்டேன். சித்தப்பாவின் சட்டைப்பையை எனக்குத் தெரியும்.

சித்தப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையின் தலைமைச் சமையல்காரர். உப்பில்லாத சூப், சர்க்கரையில்லாத கஞ்சி, மசித்தது, வடிகட்டியது, மசித்து வடிகட்டியது. குடும்பத்தில் அவருக்குப் பத்தியச் சித்தப்பா என்று பெயர். அந்தப் பெயரை அவர் பதக்கம் மாதிரிச் சுமந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. வேலையில் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்ப்பார். அதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும். வீட்டிலும் அடுப்புப் பக்கம் நின்றபடி ஏதோ ஒரு மூலையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கை கழுவிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து சித்தி சாப்பிடும்போது அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய கைப்பைதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆஸ்பத்திரியில் எந்தப் பதார்த்தம் வெளியே போனாலும் அதில் ஒரு ஸ்பூன் எடுத்து மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். எந்த நோயாளிக்காவது வயிற்றைப் பிடுங்கினால் அந்த டப்பா பரிசோதனைக்குப் போகும். நல்ல விதிதான். ஆனால் அது வேலையோடு நிற்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவர் சட்டைப்பையில் நாலைந்து டப்பா இருக்கும். என் பிறந்தநாள் கேக்கின் ஒரு துண்டு மூன்று நாள் அவர் காவலில் இருந்திருக்கிறது.

சித்தி ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்களை வாங்கி வைத்து, தேடி வருபவர்களுக்குக் கொடுக்கும் கவுண்டரில். ஒற்றைச் செருப்பு, பல் செட், குடை, மறுபடியும் குடை. ஊரார் தொலைத்த பழசையே பார்த்துப் பார்த்து அவளுக்குப் புதுசின் மேல் அப்படி ஒரு பசி. ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் புதுத் தரை போடுகிறோம், தற்காலிகச் சமையலறைக்குப் பாதிப் பேர் போதும், நீங்கள் ஒரு வாரம் லீவில் போங்கள் என்று சொன்ன அன்றே அவள் அறை பதிவு செய்துவிட்டாள்.

கிளம்பும் முன் என்னிடம் சொன்னாள்: "ஊர் சுத்தறதெல்லாம் சும்மாடி. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த மனுஷன் எனக்கு எதிர உக்காந்து ஒரு வேளைச் சாப்பாட்டை, சூப்புலேருந்து கடைசி இனிப்பு வரைக்கும், டப்பா எடுக்காம, போன் எடுக்காம, எழுந்திருக்காமச் சாப்பிடணும். ஒரே ஒரு வேளை. அது நடக்கலைன்னா, இனி எந்த லீவுக்கும் நான் தனியாத்தான் போவேன், என் பையைக் கூட்டிக்கிட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சித்தி சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

அம்மாவின் போனை வைத்ததும் சித்தியைக் கூப்பிட்டேன். குசுகுசுவென்று எடுத்தாள்.

"சித்தி, சித்தப்பா எங்க?"

"தூங்கறார். நான் பாத்ரூம்ல இருக்கேன். மெதுவாப் பேசு."

"பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு..."

"யாரு? ஓ, அதுவா." சிரிப்பை அடக்கியதில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "பிடிச்சு வெக்கலைடி. தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க."

நடந்தது இதுதான். முதல் நாள், கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் மீன் ஓட்டலுக்குப் போயிருக்கிறார்கள். சூப் வந்தது. சித்தப்பா குனிந்து மோந்து பார்த்தார். ஸ்பூனால் கிளறினார். சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன் விட்டு மூடி, பேனாவால் எழுதி ஒட்டினார். வறுத்த மீன் வந்தது. அதற்கும் அதே மரியாதை. பரிமாறுகிறவன் தட்டை வைத்த கையை எடுக்க மறந்து நின்றானாம். பிறகு உள்ளே ஓடினான். சமையலறைக் கதவு திறந்து மூடியபோது நாலு பேர் தரையைத் துடைப்பது சித்திக்குத் தெரிந்தது. ஐந்தாவது ஆள் அவசரமாகத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இவரைச் சோதனைக்கு வந்த ஆபீசர்னு நெனச்சுட்டாங்க."

"நீங்க இல்லேன்னு சொல்லலையா?"

"என்னை யாரும் கேக்கலையே."

"கேட்டிருந்தா?"

"முதலாளி கேட்டார். சார் எந்த ஆபீஸ்னு. சாப்பிடற நேரத்துல ஆபீஸ் பேச்சு அவருக்குப் பிடிக்காதுன்னேன். அது நிஜம்தானே? அப்புறம் கேரமல் புட்டிங் வந்தது பாரு, நாங்க கேக்கவே இல்லை. மேல பொன்னு மாதிரிச் சர்க்கரை உருகி நிக்குது. பக்கத்து மேஜைக்கு வந்தது பாதி அளவுதான்."

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"இந்த ஊர்க்காரங்க எவ்வளவு தங்கமானவங்கன்னு தினமும் உருகறார். தெரிஞ்சா மூட்டை கட்டிடுவார்."

அதற்குப் பிறகு சித்தி ஆட்டத்தில் இறங்கிவிட்டாள். பொய் எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். கறுப்பு பிரேம் கண்ணாடி ஒன்று புதிதாக வாங்கினாள், அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தால் ஜன்னலோரத்து மேஜை கிடைத்தது. "ம்" என்றால் சாக்லேட் கேக் வந்தது. "ம்ம்" என்றால் அதோடு ஐஸ்கிரீமும் வந்தது. பகலெல்லாம் கடைத்தெரு. சிவப்பு சூட்கேஸ், அகல விளிம்புத் தொப்பி, குதிகால் உயர்ந்த செருப்பு, எதற்கென்றே தெரியாத ஒரு கண்ணாடிக் கிண்ணம். மூன்றாம் நாள் அந்த முதலாளி சித்தப்பாவின் முழங்கையை மெல்லப் பிடித்து, "உள்ளேயும் வந்து பாத்துடுங்க சார்" என்று சமையலறைக்கு அழைத்துப் போனார். சித்தப்பாவுக்குச் சொர்க்கம். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். நாத்தனார் பார்த்தது அந்த முழங்கையைத்தான்.

"ஆனா என்ன பிரயோஜனம்?" என்றாள் சித்தி, குரல் இறங்கி. "ராஜ உபசாரம் எனக்குத்தான் நடக்குது. அவர் ஒரு தட்டைக்கூட முடிக்கலை. பாதியில டப்பா. மீதியில போன்."

போன், அவருக்கு அடுத்த சமையல்காரி செய்வது. உப்பில்லாத சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டுவிடுவதால் அவளுக்கு உப்பக்கா என்று பெயர். தற்காலிகச் சமையலறையில் அகப்பை எங்கே இருக்கிறது என்பதற்குக்கூட அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். சித்தப்பா சூப்பை ஆறவிட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பேசினார்.

நேற்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. சித்தப்பாவே என்னைக் கூப்பிட்டார். அவர் தானாகப் போன் செய்வது எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மட்டும்தான். ஆகவே எடுக்கும்போதே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பாப்பா, உங்க சித்தி என்ன பண்ணியிருக்கா தெரியுமா?"

"என்ன சித்தப்பா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

கேக் கடைக்கார அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். எங்கள் கடையை மட்டும் விட்டுவிடுங்கள், அடுத்த வாரமே புது அடுப்பு வாங்கிவிடுகிறோம் என்று. சித்தப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. புரிந்ததும் வேர்த்துவிட்டது.

"நான் ஆஸ்பத்திரிச் சமையல்காரன்மான்னு சொன்னேன் பாப்பா. அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு உங்க வீட்டம்மா ஏற்கனவே சொல்லிட்டாங்க சார்ங்கறாங்க."

விடுவாரா அவர். சாப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறார் என்றால் பெரிய ஆபீசராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஆளுக்கொரு பெட்டி கையில் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனால் இரண்டு பெட்டியாகத் திரும்பி வந்ததாம்.

பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது. "அந்த ஸ்ட்ராபெரி கேக் எந்தப் பெட்டியில இருக்கு?"

"தொடாதே அதை," என்றார் சித்தப்பா. "பாப்பா, நாளைக்கே கிளம்பறோம். இந்த டப்பாவை எல்லாம் எடுத்துக் குப்பையில..."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அறையின் ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம். பிறகு டப்பா மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம்.

"இதெல்லாம் காலியா இருக்கே."

"ஆமா," என்றாள் சித்தி.

"மீன் எங்கே?"

"தின்னுட்டேன்."

"முதல் நாள் சூப்பு?"

"அது கொஞ்சம் புளிச்சிருந்தது."

"அது சாம்பிள். மூணு நாள் வெச்சிருக்கணும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா எதை வெச்சுப் பாக்கறது?"

"என்னை வெச்சுப் பாருங்க. நீங்க தின்ன அத்தனையும் நானும் தின்னிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. இனிமே நான்தான் சாம்பிள். வேணும்னா நெத்தியில தேதி எழுதி ஒட்டுங்க."

நான் சிரித்துவிட்டேன். நல்ல வேளை, அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு சித்தி பேசியது என் காதுக்கானது இல்லை. ஆனால் போன் கட்டில் மேல் திறந்தே கிடந்தது. வைத்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, ஊர்ல இருக்கற நோயாளிக்கெல்லாம் தட்டு போட்டீங்க. சரி. எனக்கு எதிர ஒரு நாள் உக்காந்தீங்களா? எல்லாரும் உங்களை ஆபீசர்னு நெனச்சப்ப எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புட்டிங்குக்காக இல்லை. ஆபீசராவது உக்காந்து சாப்பிடுவார்னு நெனச்சேன்."

டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சித்தப்பாவுக்குப் பேச வராதபோது எதையாவது அடுக்குவார்.

"நாளன்னைக்குத்தானே அறை காலி பண்ணணும்," என்றார் கடைசியில். "நாளைக்குச் சாயந்திரம் எங்கே போகலாம்?"

"நம்மளைத் தெரியாத இடத்துக்கு."

"டப்பா வேண்டாம். போன்..."

"போனும் வேண்டாம்."

"உப்பக்கா அங்க தனியா இருக்கா. ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஒரு வேளை நோயாளிங்களுக்கு உப்பு கிடைக்கட்டும் விடுங்க."

இன்னொரு டப்பா அடுக்குக்குள் போகும் சத்தம் கேட்டது.

இன்றைக்கு, இங்கே மத்தியானம், அங்கே சாயந்திரம், சித்தியிடமிருந்து செய்தி வந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டல், ஏழே மேஜை, ஒருவருக்கும் இவர்களைத் தெரியாது. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகிறாள். கைப்பையை அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். எதிர் நாற்காலி காலியாக இருக்கட்டும் என்று. அவர் போனை மேஜை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்தாள். ஆனால் செருப்பு மாட்ட அவள் குனிந்தபோது இழுப்பறை இன்னொரு தடவை திறந்த மாதிரிச் சத்தம் கேட்டதாம். கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். கடைசியில் எனக்கு ஒரு வரி: "சாப்பிடற நேரத்துல நீ போன் பண்ணித் தொலைக்காதே."

நான் பண்ணியிருக்கக் கூடாது. ஆனால் அந்த இழுப்பறை என் மண்டைக்குள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இந்நேரம் அங்கே இனிப்பு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். எந்த மொழியில் கணக்குப் போட்டாலும் எனக்கு நேரம் தப்பாகத்தான் வரும். ஒருவேளை சூப்பே இன்னும் வந்திருக்காது. ஒருவேளை அந்த ஏழு மேஜை ஓட்டல்காரருக்கும் சேதி போயிருக்கும். ஒருவேளை இந்தத் தடவை நிஜமாகவே போலீஸ். விரல் தானாகச் சித்தப்பாவின் எண்ணை அழுத்திவிட்டது.

ரிங் போகத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. போன் அவர் சட்டைப்பையில் இருந்து அவர் எடுத்துவிட்டால், சித்தியின் ஒரே ஒரு வேளையைக் கெடுத்த பாவி நான்தான். வைத்துவிடலாம் என்றால், தவறிய அழைப்பைப் பார்த்து, பாப்பாவுக்கு என்னவோ என்று வாசலுக்கு எழுந்து போவார். வைத்தாலும் வம்பு, வைக்காவிட்டாலும் வம்பு.

எடுக்காதீங்க சித்தப்பா என்று சத்தமாகவே சொன்னேன். என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.