சத்தியம் செய்ய மறுத்தவரைப் பார்க்க ஒரகடம் போனேன்

ஒரகடத்துக்கு யாராவது நாடகம் பார்க்கப் போவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். காரணம், என் நண்பனின் தம்பி சவரி. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. "அண்ணே, அயர்லாந்துத் தலைவர் ஒருத்தர் கதையை நாடகமாப் போடுதோம். நாந்தான் ஹீரோ, வந்துருங்க" என்று போன் செய்தான்.

தாம்பரத்தில் ஒன்பதரைக்குப் பஸ் ஏறினேன். படப்பை வழியாக ஒரகடம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கண்டெய்னர் லாரிகள் புண்ணியத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வல்லம் வடகாலுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். எட்டுப் பேர் ஏறிய பிறகு டிரைவர் என்னிடம், "சார், கொஞ்சம் தள்ளிக் குந்து, இன்னொருத்தர் வராரு" என்றார். எங்கே தள்ளுவது என்று அவர் சொல்லவில்லை.

நாடகம், சவரியும் மற்ற பையன்களும் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் மாடியில், தகர ஷெட்டுக்குள். ஹவுஸ் ஓனர் கன்னியப்பன் உள்ளூர்க்காரர். நெல் போட்ட நிலத்தில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, தானும் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறார். ஞாயிறு பூசைக்கு மாடியைத் தரச் சொல்லிப் பையன்கள் ஆறு மாதமாகக் கெஞ்சுகிறார்கள். மாதா கோயில் தூரம், நைட் ஷிப்ட் முடித்துப் போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்துவிடும். பங்குச் சாமியார் இங்கேயே வரத் தயார். ஓனர்தான் தயாரில்லை. "இன்னிக்குப் பூசைன்னுவீங்க, நாளிக்கு மைக் செட்டுன்னுவீங்க. மொதல்ல உங்க நாடகத்தப் பாக்குறேன்" என்றிருக்கிறார். நாடகம் சொதப்பினால் மாடி போச்சு.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்கார முடியாது என்றிருந்த காலம். இந்த அயர்லாந்து வக்கீல், ஏழைகளிடம் மாதம் ஒரு காசு வாங்கியே பெரிய இயக்கம் கட்டி, தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டார். உள்ளே நுழைந்தால், உன் பூசை பொய் என்று சத்தியம் செய்தால்தான் நாற்காலி என்றார்கள். முடியாது என்று திரும்பினார். அந்த ஒரு 'முடியாது'தான் நாடகத்தின் உயிர்.

சத்தியம் வாசிக்கும் அதிகாரியாக ஜெபாவைப் போட்டிருந்தார்கள். நிஜத்தில் அவர் இவர்களின் லைன் லீடர். தினமும் ஷிப்ட் தொடங்குமுன் அவர் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்க, இவர்கள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த விவரம் ஒத்திகையில் எவன் மண்டையிலும் உறைக்கவில்லை.

"நான் உளமார உறுதி கூறுகிறேன்" என்றார் ஜெபா, லைனில் வாசிக்கும் அதே குரலில்.

சவரியின் கை விறைப்பாக நீண்டது. "நான் உளமார உறுதி கூறுகிறேன்" என்றான். பார்க்க வந்த கம்பெனிப் பையன்கள் கூட்டம் மொத்தமும் எழுந்து கையை நீட்டித் திருப்பிச் சொன்னது. முன்வரிசையில் ஓனரும் அட்டென்ஷனில் நின்றார். உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்துப் பையன் முறைத்து, "எந்திரிங்க சார்" என்றான். எழுந்தேன்.

"கத்தோலிக்கப் பூசை பொய் என்று..."

சத்தம் பட்டென்று நின்றது. சவரிக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கையை இறக்கினான். எழுதிக் கொடுத்த வசனம் சுத்தமாக மறந்து போச்சு போல. "முடியாது. சொல்ல மாட்டேன். எத்தனை தடவ கேட்டாலும் சொல்ல மாட்டேம்ல" என்றான். குரல் உடைந்தது. பின்னால் ஒவ்வொரு கையாக இறங்கியது.

முடிந்ததும் ஓனர் மேடைக்கு வந்தார். "அந்தாளு அப்பால உள்ள போனாரா, இல்லியா?"

"சட்டம் மாறிச்சு அண்ணாச்சி. ஊர்க்காரங்க மறுபடி அவரையே அனுப்புனாங்க. அந்தச் சத்தியம் பண்ணாமலே போய் உக்காந்தாரு" என்றான் சவரி.

"ம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு போங்கள், லாரி கொஞ்சம் குறைவு. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. இப்போது பத்து மணிக்குமேல் அந்த மாடியில் பூசை நடக்கிறது, செருப்பைப் படியிலேயே விட வேண்டும், மைக் கிடையாது. முதல் ஞாயிறு ஓனரும் வந்து பின்வரிசையில் குந்தியிருந்தாராம். சாமியார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னபோது அவர் மட்டும் அசையவில்லை. சவரி திரும்பிப் பார்த்திருக்கிறான்.

"இன்னாடா பாக்குற? நானும் முடியாதுன்னு சொல்லிக்கினு கீறேன்" என்றாராம்.