பிளேடு போடாமல் எடுத்த பெயர்

என் தாய்மாமா ஒரு பொய்யர். எனக்கு ஒன்பது வயதில் என் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொன்னார். அதை நம்பிக்கொண்டு நான் வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் நின்றும் இதைச் சொல்வேன்.

மாமா காளவாசல் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். யாரிடமோ பழசாக வாங்கிய கார், அடர் நீலம். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் பின்னால் பிள்ளைகள் பெயரைப் போடுவார்கள். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதனால் அக்கா மகளான என் பெயரைப் போட்டார். பெயிண்டில் எழுதவில்லை. வெள்ளி மாதிரி மின்னுகிற பிளாஸ்டிக் எழுத்து, இங்கிலீஷில் ஏழு. டிக்கியின் மேல் நடுவில் ஒட்டியிருந்தார். கார் கம்பெனியின் சின்னம் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். கம்பெனிக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். காருக்குள் ஏறுமுன் நான் பின்பக்கம் போய் பாவாடை நுனியால் ஏழு எழுத்தையும் துடைப்பேன். பள்ளிக்கூடத்தில் அப்பா பைக் வைத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா காரே வைத்திருந்த ஒருத்தியும் இருந்தாள். மதுரை முழுக்கத் தன் பெயர் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ள என்னைத் தவிர ஒருத்தியும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிள்ளையும் இல்லை.

பிறகு மாமா கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மூன்று மாதம் கார் வரவில்லை. கேட்டால் அம்மா, மாமாவுக்குச் சவாரி அதிகம் என்றாள்.

ஒரு ஞாயிறு காலை அப்பா கொட்டாம்பட்டியில் ஒரு சாவு என்று கேதத்துக்குப் போனார். அவர் பஸ் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்காது, வில்லாபுரத்தில் எங்கள் சந்துக்குள் அந்த ஹாரன் கேட்டது. ஓடிப்போய் முதலில் டிக்கியைத்தான் துடைத்தேன். மாமாவைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

மாமா காரை வேப்பமர நிழலில் நிறுத்தினார். சூடு தணியட்டும் என்றார். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி டிக்கியைக் கழுவினார். மண் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் பெயிண்டில் கோடு விழும் என்று சொல்லிக்கொண்டே கழுவினார். மாமா கேட்காமலேயே அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். அதையும் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயையும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஏன் அங்கே நிற்கவில்லை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மாமா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கடைசி எழுத்தின் மேல் அழுத்திப் பிடித்தார். ஆறினால் மறுபடி நனைத்தார். மூன்று நான்கு தடவை. பிறகு சட்டைப்பையில் இருந்து தூண்டில் நரம்பை எடுத்தார். ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். எழுத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் நரம்பைக் கொடுத்து, ரம்பம் அறுப்பது மாதிரி மெதுவாக அவர் இழுக்க நான் விட, நான் இழுக்க அவர் விட. ஸ்பாஞ்ச் பசை கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. எழுத்து என் உள்ளங்கையில் விழுந்தது.

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிகிறது. என் பெயரை நானே அறுத்தேன், சிரித்துக்கொண்டு.

எதிர்வீட்டு லாரி டிரைவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். மாமா அவரை அண்ணே என்பார், அவர் மாமாவை மாப்ள என்பார்.

"என்ன மாப்ள, எழுத்துக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருக்க? பிளேடு வச்சா ரெண்டு நிமிசம்."

"பிளேடு வேணாம்ணே. பெயிண்டு போயிரும்."

"ஓட்டக் காருக்கு எம்புட்டு வைத்தியம்."

மாமா துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தார். சாதாரணமாக அந்த மனுஷர் ஒன்று சொன்னால் மாமா இரண்டு சொல்வார்.

நான்காவது எழுத்து எடுக்கும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ஏன் மாமா புடுங்குறோம்?"

"பெயிண்டு மங்கிப்போச்சு தாயி. புதுசா அடிச்சதும் திருப்பி ஒட்டிருவோம். நீதான் ஒட்டணும்."

இதுதான் அந்தப் பொய்.

ஏழும் வந்த பிறகு டிக்கியில் கறுப்பாகப் பசை நின்றது. மாமா அதன் மேல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டார். பிறகு கட்டைவிரலால் உருட்டினார். பசை அழிரப்பர் துகள் மாதிரி திரண்டு உதிர்ந்தது. என்னையும் உருட்டச் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு இடத்தில் பசை வராமல் அடம்பிடித்தது. மாமா வாளி எடுக்கத் திரும்பிய நேரத்தில் திண்ணையில் கிடந்த என் பென்சில் டப்பாவில் இருந்த காம்பஸ் முள்ளால் குத்தி இழுத்துவிட்டேன். பசை வந்தது. கூடவே விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடும் வந்தது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாமா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இருக்கட்டும் விடு," என்றார். "அது ஒன் கோடு."

பழைய வேட்டித் துணியில் சோப்பு நுரை வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றினார். வெயில் அப்போது டிக்கி மேல் வந்துவிட்டது. ஈரம் காயக் காய என் பெயர் தெரிந்தது. எழுத்து இருந்த இடத்தில் வெயில் பட்டதே இல்லை. சுற்றிலும் நீலம் வெளுத்துப் போயிருக்க, ஏழு எழுத்தும் புதுக் கார் நிறத்தில் நின்றன. நான் கை தட்டினேன். டிரைவர் அண்ணன் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அதுவும் போய்விடும், தன்னிடமே இருக்கிறது, தருகிறேன் என்றார். மாமா வேண்டாம் என்று தலையாட்டினார்.

அம்மா வெளியே வந்து எழுத்துகளை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"சாப்டுட்டுப் போடா."

"இல்லக்கா. அவரு வாரதுக்குள்ள போறேன்."

கார் சந்து திரும்பும்வரை பின்னாலேயே ஓடினேன். பெயிண்ட் அடித்ததும் சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினேன். அவர் கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

வரவில்லை. எழுத்துகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் டப்பாவோடு வாசலுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் மாமா காரை விற்றுவிட்டார் என்று நானும் ஒரு பொய் சொன்னேன். புது அத்தை வந்ததும் என்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்றுதான் நம்பினேன். அந்தக் காரின் சீட்டு வாசனைக்காக ஏங்கிக்கொண்டே அவரைத் திட்டினேன். பத்தாவது படிக்கும்போது அம்மாவோடு பஸ்ஸில் போகையில் காளவாசல் சிக்னலில் அந்தக் கார் பக்கத்தில் நின்றது. டிக்கியில் வேறு பெயர் எதுவும் இல்லை. நீலத்துக்குள் நீலமாக என் ஏழு எழுத்தும், ஓரத்தில் என் கோடும் இருந்தன. ஜன்னல் கம்பியைத் தட்டக் கையைத் தூக்கினேன். அம்மா கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அதற்கும் அன்றைக்குக் காரணம் கேட்கவில்லை.

போன மாதம்தான் தெரிந்தது. என் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். எனக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அவளை மடியில் உட்காரவைக்க ஒரு மாமன் வேண்டும். பெரியப்பா மகன் பெயரைப் பத்திரிகையில் போடச் சொன்னார் அப்பா. இந்த வீட்டில் எதிர்த்துப் பேசியே இராத அம்மா, அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து பத்திரிகை எழுதிய தாளின் மேல் வைத்தாள். அப்பா அன்றைக்குச் சொல்லி அனுப்பியது என்ன என்று அவர் எதிரிலேயே சொன்னாள்.

"சாதி கெட்டவன் வண்டியில எம்மக பேரு ஊருக்குள்ள சுத்தக்கூடாது. பிளேடு போட்டுச் சொரண்டி எடுக்கச் சொல்லு."

அத்தை வேறு சாதி. விஷயம் அவ்வளவுதான்.

மாமா நினைத்திருந்தால் காளவாசலிலேயே ஒரு கடையில் சுரண்டியிருக்கலாம். எங்கள் வாசலுக்கு வந்து, வெந்நீரும் எண்ணெயும் வைத்து, ஒரு பகல் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நான் அப்பாவை வெறுக்கக்கூடாது என்று பெயிண்ட் கதை சொன்னார். என் வெறுப்பு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது வயதுக்கு இது புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பசை எப்படி உருட்டுவது என்பது மட்டும்தான்.

பத்திரிகை அச்சாகிவிட்டது. தாய்மாமன் இடத்தில் மாமா பெயரும் அத்தை பெயரும் இருக்கின்றன. அவர் வருவாரா என்று தெரியாது. அம்மா போனில் சொன்னதற்கு, "பாப்போம்க்கா" என்றாராம்.

அப்பா, நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். சீர் கொண்டுவரும் மாமனை மைக்கில் கூப்பிடும் வேலையை நான் வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. மைக் உங்கள் கைக்குத்தான் வரும். என் பெயரை அந்தக் காரிலிருந்து எடுக்கச் சொன்னது யார் என்று முதலில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லுங்கள். பிறகு மாமா பெயரையும் அத்தை பெயரையும் நீங்களே வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அதுவரை என் மகள் காதில் ஊசி படாது.