கிளினிக் தராசும் பப்பாசித் தயிரும்

கிளினிக் நடையில் ஒரு தராசு இருக்கும். டொக்டரைப் பார்க்கும் முன் அதில் ஏறி இறங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நாக்கின் அடியில் புற்றுநோய். கதிர் சிகிச்சை (நோயுள்ள இடத்தில் கதிர் பாய்ச்சிக் கருக்குவது) தொடங்கிய அன்றே டொக்டர் சொல்லிவிட்டார்: நிறை குறையக் கூடாது, குறைந்தால் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும்.

இரண்டாவது வாரம் வாய் முழுவதும் வெந்துபோனது. சோறு இறங்கவில்லை. டொக்டர் கேட்டபோது, "ரெண்டு வேளையும் நல்லா சாப்பிடுறாருங்க" என்றேன். கட்டினவரைப் பட்டினி போட்டவள் என்று என்னை யாரும் சொல்லக் கூடாது.

அவர் இடுப்பு பெல்ட்டின் பைக்குள் கல் போட்டுக்கொண்டு தராசில் ஏறினார். எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் இரண்டு பேரும் ரப்பர் பால் வெட்டினோம். பால் நிறுக்கிற இடத்துத் தராசு கணக்கப்பிள்ளையின் ஆள், எங்களுக்குக் குறைத்தே காட்டும். தண்ணீர் சேராத வாளி எங்கள் மலையில் இருந்ததில்லை. இந்தத் தராசையும் அப்படித்தான் நினைத்தோம்.

நான்காவது வாரம் பெல்ட் நழுவி விழுந்தது. அது நிற்க இடுப்பில் சதை இல்லை. கல் சிதறியது. தாதி சிங்களப் பெண், தமிழ் பேசுவாள், அவரைச் சீயா (தாத்தா) என்பாள். குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"இது மாணிக்கமா சீயா?"

"எடுத்துக்கங்க மிஸ். வித்துட்டு பாதி குடுங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. கல் இல்லாமல் நிறுத்தால் முதல் நாளைவிட ஐந்து கிலோ குறைவு. சிகிச்சையை நிறுத்தினார். "உண்மைய சொல்லியிருந்தா அன்னைக்கே வேற சாப்பாடு சொல்லியிருப்பேனே அம்மா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்தச் சாப்பாட்டைத் தாதி சொல்லித்தந்தாள். உங்கள் வீட்டிலும் வாய் வெந்த ஒருவர் இருந்தால் செய்து பாருங்கள். கனிந்த பப்பாசியைத் தோல், விதை நீக்கி நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் குழைய விடுங்கள். பத்து நிமிஷம் போதும். மசித்து, நன்றாக ஆறவைத்து, எருமைத் தயிரில் கலந்து ஒரு கரண்டி கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) விடுங்கள். அன்னாசி வேண்டாம், எரியும். மழைக்காலத்தில் தயிர் சளி கட்டுமே என்று நானும் பயந்தேன். கட்டவில்லை.

முதல் கரண்டியைப் பார்த்து, "ஆசிட் ஊத்துன ரப்பர் பால் மாதிரி உறைஞ்சு இருக்கே புள்ள" என்றார்.

"ஷீட் அடிச்சுக் காயப்போடவா? பேசாம விழுங்குங்க."

விழுங்கினார். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. சிகிச்சை மறுபடி தொடங்கியது. அதற்குள் கழுத்தில் கட்டி எழும்பிவிட்டது. நிறுத்திவைத்த அந்த மூன்று வாரத்தினாலா என்று டொக்டரிடம் கேட்டேன்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாது அம்மா."

இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்பே என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

டொக்டர் கேட்டால், சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

இப்போது சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. அறுபத்தெட்டு வருஷம் எனக்குத் தொண்டை இருப்பதே தெரியாது. காலைப் பிரட்டுக்கு (ஆள் எண்ணும் இடம்) ஓடிய காலத்தில் நின்றபடியே தின்று முடித்துவிடுவேன். இப்போது தட்டில் சோறு ஆறிப்போகிறது. ஆறினதையும் மெதுவாகத்தான் விழுங்குகிறேன்.