தங்கைக்கு அட்டை இல்லை

எங்கள் பல் டாக்டரம்மாவுக்குத் தெருவில் பிரஷ் டாக்டர் என்று பெயர். பல்லைப் பிடுங்க வந்தவரைக்கூட உட்கார வைத்து, எப்படித் தேய்ப்பது என்று பிளாஸ்டிக் தாடையைக் காட்டிப் பாடம் எடுக்காமல் விடமாட்டார். ஈறு நோயில் அவர் புலி. அளவுக் கம்பியை ஈறுக்குள் விட்டு, "நாலு, அஞ்சு, மூணு" என்று ஆழம் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பதினொரு வருடமாக அவரிடம் உதவியாளராக இருக்கிறேன். அவருக்குக் கை சுத்தம், எனக்கு வாய் நீளம். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாக வருகிறவருக்கு மஞ்சள் அட்டை போடுவது என் வேலை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, தாகம் அதிகமா. பதில் சொல்லாமல் யாரும் நாற்காலியில் ஏற முடியாது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் அட்டை கிடையாது. அவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்கதவு வழியாக வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவார்கள். வீட்டு ஆளிடம் என்ன கேள்வி என்பார் டாக்டர்.

அவருடைய தங்கையும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். இருபது வயது. அப்பா அம்மா போன பிறகு அக்காவான டாக்டரோடுதான் இருக்கிறாள். போன வருடம் யாருக்கும் கேட்காத குரல்கள் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தன. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் அடங்கின. ஒருமுறை அவளாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒன்பதாம் நாள், ரயில் பாலத்தின் மேல் செருப்பில்லாமல் நின்றவளை யாரோ புண்ணியவான் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு டாக்டருக்கு ஒரே பயம்தான், மாத்திரை தவறிவிடக் கூடாது. தினமும் தன் கையாலேயே கொடுத்தார். தங்கை மளமளவென்று பருத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லி மனநல மருத்துவர் எழுதிய சீட்டு டாக்டரின் கைப்பையில் மடிந்தே கிடந்தது. "பருத்தா பருக்கட்டும், உயிரோட இருக்காளே" என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் அவள் ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் சுத்தம் செய்தார். மறுபடி வந்தது. சுத்தம் செய்து திட்டினார்.

"பொய் சொல்லாத. நீ தேய்க்கிறதே இல்ல."

"தேய்க்கிறேன்க்கா."

"தேய்ச்சா ஏன் இப்படி இருக்கு?"

ஐந்து மாதம் இதே பாட்டுதான். அவள் அழுதுகொண்டே போவாள்.

அன்று மதியம் இரண்டு இடத்தில் ஈறு சீழ் கட்டி வந்திருந்தாள். காத்திருந்த கால் மணி நேரத்தில் ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தாள், இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனாள். டாக்டர் வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தார். நான் ஒரு மஞ்சள் அட்டையை உருவினேன்.

"இவளுக்கு எதுக்கு அட்டை?" என்றார் டாக்டர்.

நான் காதில் வாங்காதவள்போல அவளிடம் கேட்டேன். "என்ன மாத்திரைம்மா சாப்பிடற?"

சொன்னாள்.

"தாகம் எடுக்குதா?"

"எப்பவும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு மாசமா."

டாக்டரின் கை அப்படியே நின்றது. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. முன்கதவு வழியாக வந்த யாராக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். ஈறு திரும்பத் திரும்பப் புண்ணானால் சர்க்கரையைப் பார் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

சர்க்கரை பார்க்கும் கருவி கைக்கெட்டும் இழுப்பறையிலேயே இருந்தது. விரலில் குத்தினோம். எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று காட்டியது. பட்டையை மாற்றி மறுபடி குத்தினேன். அதேதான்.

"மாத்திரையாலயாக்கா?" தங்கைக்கு நாக்குக் குழறியது. "அப்ப நிறுத்திடறேன்."

நிறுத்தினால் பாலம், நிறுத்தாவிட்டால் இது. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரையாலயும் சர்க்கரை ஏறியிருக்கலாம். ஆனா நீயும் நிறுத்தக் கூடாது, நானும் நிறுத்தக் கூடாது. உன் டாக்டர் சொல்லட்டும்."

வாடகைக் காரில் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். மூச்சு வேகமாக வாங்கியது, கண் சொருகியது. "தூங்காத, ஏதாவது பேசு" என்று டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிழைச்சுடுவாளா?" என்று கேட்டார். அவ்வளவு படித்தவர், பத்தாவது தாண்டாத என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் "ம்" என்றேன். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்ன மாத்திரை என்று கேட்டபோது டாக்டர் கைப்பையைக் குடைந்தார். நான் மஞ்சள் அட்டையை நீட்டினேன்.

இரண்டு நாள் டாக்டர் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. மனநல மருத்துவர் வந்து வேறு மாத்திரைக்கு மெல்ல மாற்றலாம் என்றார். மூன்றாம் நாள் காலை நான் காபி வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது தங்கை கண் விழித்தாள். எதிரே அக்காவைப் பார்த்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாளா பல் தேய்க்கலக்கா" என்றாள். "திட்டாத."